பையரோடு பேசும் வீடியோ கால் உறையாமல் இருக்க: ஆபீஸ் வைஃபையில் முன்னுரிமை அமைப்பது எப்படி

பிளானை 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100-க்கு ஏற்றியும் வீடியோ கால் உறைகிறதா? 200-க்கு ஏற்றினாலும் உறையும். ஒரு குரல் அழைப்புக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு சின்னத் தரவுப் பொட்டலம், கிளம்புகிறது; விநாடிக்கு 50. போகும் முகவரி எழுதிய தலைப்பெல்லாம் சேர்த்து ஒன்று 200 பைட். மொத்தமே 80 கேபிபிஎஸ்தான். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் இப்படி 250 காலுக்குக் கணக்கில் இடம் இருக்கிறது. பிறகு ஏன் உறைகிறது? அந்தச் சின்னப் பாக்கெட், யாரோ ஏற்றிக்கொண்டிருக்கும் பெரிய ஃபைலுக்குப் பின்னால் வரிசையில் மாட்டிக்கொள்கிறது. வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்று நாம் சொல்லிவைப்பதற்குத்தான் கியூஓஎஸ் என்று பெயர். அது ஒரு எம்பிபிஎஸ்கூடக் கூட்டிக் கொடுக்காது.

நான் திருப்பூரில் சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு கேபிள், கேமரா, வைஃபை போட்டுக்கொடுக்கிற ஆள். இங்கே மதியம் 1 மணிக்கு மேல் ஐரோப்பா விழித்துக்கொள்ளும். பையர்களோடு, அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு, பேசும் மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டீம்ஸில் உட்காருவார்கள். அதே நேரத்தில்தான் சாம்பிள் ரூமிலிருந்து போட்டோக்கள் ஏறும், கேட் (CAD) செக்ஷன், துணி வெட்டும் வரைபடமான மார்க்கர் ஃபைலை இணைய டிரைவில் போடும், முதலாளி வீட்டில் இருந்தபடி எட்டு கேமராவையும் போனில் திறந்து பார்ப்பார். "ஏனுங்க தம்பி, இத்தனை எம்பி வாங்கியும் எதுக்குங்க வெட்டி வெட்டிப் போகுது?" என்று கேட்பவரும் அவரேதான். "நீங்க கேமரா பார்க்கறதும் ஒரு காரணமுங்க" என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

கீழே நான் சொல்வது அந்த மாதிரி ஒரு ஆபீஸுக்கு: 50 எம்பிபிஎஸ் டவுன்லோட், 20 எம்பிபிஎஸ் அப்லோட், ஃபைபர் லைன், வாசலில் ஒரு ரவுட்டர், மாடிக்கு ஒன்றாக இரண்டு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையை வீசும் டப்பா). வீட்டுக்கும் இதே முறைதான்.

அடைப்பு லைனிலா, காற்றிலா?

இதைப் பார்க்காமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதீர்கள். வைஃபையில் இணைந்த ஒரு லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோ திறங்கள். ஒன்றில் உங்கள் ஆக்சஸ் பாயின்ட்டின் ஐபி முகவரிக்குப் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கமாண்ட்) ஓடவிடுங்கள். இன்னொன்றில், வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. விண்டோஸில் மைனஸ் டி சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை டிரைவில் ஏற்றத் தொடங்குங்கள். அந்தக் கம்ப்யூட்டர் ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்க வேண்டும்.

ஆக்சஸ் பாயின்ட்டின் பிங் 2, 3 மில்லிசெகண்டிலேயே நின்று, 8.8.8.8 மட்டும் 15-லிருந்து 300, 400 என்று ஏறினால் அடைப்பு லைனில். இரண்டும் சேர்ந்து குதித்தால், அல்லது யாரும் எதையும் ஏற்றாதபோதே ஆக்சஸ் பாயின்ட்டின் பிங் 5, 80, 12, 140 என்று தாறுமாறாக ஓடினால் அடைப்பு காற்றில். பெரும்பாலான ஆபீஸ்களில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஆனால் எது பெரிது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது.

அந்த 400 எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஃபைபர் டப்பாவுக்குள் 1 எம்பி அளவுக்கு பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 8 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 0.4 விநாடி ஆகும். டிரைவ் அப்லோட் அந்த பஃபரை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும். உங்கள் குரல் பாக்கெட் கடைசியில் போய் நின்றால் 400 மில்லிசெகண்ட் கழித்துத்தான் தெருவுக்கே வரும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சாரி, யூ கோ அஹெட்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வாசலில் வேகத்தைக் கொஞ்சம் கட்டுவது

லைன் அடைப்புக்கு மருந்து ஆக்சஸ் பாயின்ட்டில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது. இது நிறையப் பேருக்குப் புரிவதில்லை. ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிய டப்பாவில் கியூஓஎஸ் மெனுவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பல மாடல்களில் அந்த மோடில் மெனுவே மறைந்துவிடும்.

வரிசை நெட் கம்பெனிக்காரரின் டப்பாவுக்குள் உருவானால் அதை நம்மால் ஒழுங்குபடுத்த முடியாது. அதனால் லைனின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக நம் ரவுட்டரிலேயே வேகத்தைக் கட்டுகிறோம். வரிசை நம் கைக்கு வந்துவிடும். இதற்கு முதலில் சரியான எண் வேண்டும். கூட்டம் அதிகமுள்ள மதிய நேரத்தில், கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரில், சில தடவை ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். வந்ததில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 100-க்கு மேல் பிளான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: எப்போது எடுத்தாலும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ் போர்ட், இல்லை கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போயிருக்கிறது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

நான் முடிந்த இடத்திலெல்லாம் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறும் ரவுட்டரைத்தான் வைக்கிறேன். அதில் லூசி ஆப் எஸ்க்யூஎம் (luci-app-sqm) என்ற பேக்கேஜை நிறுவினால் நெட்வொர்க் மெனுவில் எஸ்க்யூஎம் கியூஓஎஸ் என்று ஒரு பக்கம் வரும். இன்டர்ஃபேஸாக வான்-ஐ (WAN, நெட் வரும் பக்கம்) தேர்ந்தெடுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து பிபிபிஓஇ டயல் செய்யும் லைன் என்றால் பிபிபிஓஇ-வான். வேகம் கேபிபிஎஸ்ஸில் கேட்கும். நம் 50/20 லைனுக்கு டவுன்லோட் 44000, அப்லோட் 18500 என்று தொடங்கலாம். டவுன்லோடில் கொஞ்சம் கூடுதலாகக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வரிசை லைனின் மறுமுனையில் இருக்கிறது. நாம் இங்கே சில பாக்கெட்டுகளைத் தள்ளிவிட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்க மட்டுமே முடியும்.

வரிசையை நடத்தும் கியூ முறையில் கேக் (cake), ஸ்கிரிப்டில் லேயர் கேக் தேர்ந்தெடுங்கள். பீஸ் ஆஃப் கேக் என்று இன்னொன்றும் பட்டியலில் இருக்கும். அது எல்லாப் பாக்கெட்டையும் ஒரே தரமாகப் பார்க்கும். லேயர் கேக்தான் தரம் பிரிக்கும். லிங்க் லேயர் பக்கத்தில் ஈதர்நெட் வித் ஓவர்ஹெட், மதிப்பு 44. ஃபைபர் லைனுக்கு இது தாராளமான எண், தவறாகப் போகாது.

அட்வான்ஸ்டு செட்டிங்கைத் திறந்தால் கியூடிஸ்க் ஆப்ஷன் என்று இரண்டு காலிப் பெட்டிகள். டவுன்லோட் பெட்டியில் nat dual-dsthost, அப்லோட் பெட்டியில் nat dual-srchost என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். இந்த இரண்டு வரிக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இதைப் போட்டதும் கேக் ஒவ்வொரு கருவியையும் தனி ஆளாகப் பார்த்து லைனைச் சமமாகப் பங்கு போடும். கேட் செக்ஷன் கம்ப்யூட்டர் 30 கனெக்ஷன் திறந்து ஏற்றினாலும் அதற்கு ஒரு பங்குதான். பல ஆபீஸ்களில் இந்த இடத்தோடு வேலை முடிந்துவிடும். யாருக்கும் தனி முன்னுரிமை தரத் தேவையே வராது.

ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். அது பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும், எஸ்க்யூஎம் கண்ணில் படாது. ஆஃப் செய்ததும் வேகம் நீங்கள் கொடுத்த எண்ணைவிட நன்றாகக் கீழே விழுந்தால், ரவுட்டரின் சிபியு திணறுகிறது என்று பொருள்.

ஓப்பன் டபிள்யூஆர்டி வேண்டாம் என்றால் மைக்ரோடிக்கில் ரவுட்டர் ஓஎஸ் 7-லிருந்து கேக் உள்ளேயே இருக்கிறது. யூனிஃபையில் ஸ்மார்ட் கியூஸ் என்ற பெயரில் எஃப்க்யூ-கோடல் என்ற இதே மாதிரியான வரிசை முறை. கடையில் கிடைக்கும் சாதாரண ரவுட்டர்களில் கியூஓஎஸ் பக்கம் திறந்தால் மொத்த வேகத்தைக் கேட்கும், பிறகு எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று கேட்கும். அங்கே மொத்த வேகப் பெட்டியில் 1000 என்று கம்பெனி எண் அப்படியே கிடந்தால் முன்னுரிமை வேலை செய்யாது. லைன் நிரம்பிவிட்டது என்று ரவுட்டருக்கே தெரியாதபோது அது யாரை நிறுத்தி வைக்கும்?

ஃபைபர் டப்பாவே ரவுட்டராகவும் வைஃபையாகவும் இருந்தால், அதை பிரிட்ஜ் மோடுக்கு (லைனை மட்டும் கடத்திவிடும் நிலைக்கு) மாற்றித் தரச் சொல்லி நெட் கம்பெனியிடம் கேட்டு, டயல் செய்வதை உங்கள் ரவுட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் முத்திரை

காற்றில் முன்னுரிமை வேண்டும் என்றால் எந்தப் பாக்கெட் முக்கியம் என்று ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தெரிய வேண்டும். அது பாக்கெட்டைத் திறந்து "ஓ, இது டீம்ஸ்" என்று கண்டுபிடிப்பதில்லை. ஐபி தலைப்பில் 6 பிட்டுக்கு டிஎஸ்சிபி என்று ஒரு இடம் இருக்கிறது, 0 முதல் 63 வரை. அதைத்தான் பார்க்கும். குரலுக்கு 46, வீடியோவுக்கு 34, அவசரமில்லாத பேக்கப்புக்கு 8, மற்றதெல்லாம் 0 என்பது வழக்கம்.

இங்கே ஒரு வில்லங்கம். பல ஆக்சஸ் பாயின்ட்டுகள் அந்த ஆறு பிட்டில் முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். 46-ஐ பைனரியில் எழுதினால் 101110. முதல் மூன்று 101, அதாவது 5. வைஃபை கணக்கில் 6, 7 குரல். 4, 5 வீடியோ. 0, 3 சாதாரணம். 1, 2 கடைசி. ஆக, குரல் என்று முத்திரை குத்திய பாக்கெட் வீடியோ வரிசையில் போய் நிற்கும். இதைச் சரி செய்யத்தான் 2018-ல் ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் வந்தது. 46-ஐ 6-க்கு அனுப்பு என்கிறது. புதிய ஃபர்ம்வேர் இருந்தால் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். பழைய டப்பா என்றாலும் கவலைப்படாதீர்கள்; வீடியோ வரிசையும் சாதாரண வரிசைக்கு முன்னால்தான்.

மேஜையில் வைக்கும் ஐபி போன்கள் பெரும்பாலும் தாமாகவே 46 குத்திவிடும். விண்டோஸ் அப்படிச் செய்யாது. குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், விண்டோஸ் செட்டிங்ஸ், அதன் கீழ் பாலிசி பேஸ்டு கியூஓஎஸ் என்று போய் விதி எழுத வேண்டும். டீம்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் சோர்ஸ் போர்ட் (ஆப் பாக்கெட் அனுப்பும் எண் வாசல்): ஆடியோ 50000–50019, முத்திரை 46, வீடியோ 50020–50039, முத்திரை 34, ஸ்கிரீன் ஷேர் 50040–50059, முத்திரை 18. ஹோம் எடிஷனில் இந்தப் பக்கமே கிடையாது. இன்னொன்று: டொமைனில் (ஒரு சர்வரே எல்லாக் கம்ப்யூட்டரையும் நிர்வகிக்கும் அமைப்பில்) சேராத கம்ப்யூட்டரில் விதி எழுதினாலும் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. ரெஜிஸ்ட்ரியில் டிசிபிஐபி சர்வீஸின் கீழ் கியூஓஎஸ் என்ற கீயை உருவாக்கி, "டு நாட் யூஸ் என்எல்ஏ" என்ற ஸ்ட்ரிங்குக்கு 1 கொடுத்தால்தான் முத்திரை விழும். சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் டொமைன் இருக்காது. எனவே இந்த ஒரு வரிக்காகவே பலருக்கு ஒரு மதியம் வீணாகும்.

இதெல்லாம் நம்மிடமிருந்து வெளியே போகிற பாக்கெட்டுக்கு. பையர் பேசுவது நம்மிடம் வரும்போது? வழியில் நெட் கம்பெனிகள் முத்திரையை அழித்து 0 ஆக்கிவிடுவது சகஜம். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அது இன்னொரு சாதாரணப் பாக்கெட். அதனால் ரவுட்டரில் மறுபடி குத்த வேண்டும். ஓப்பன் டபிள்யூஆர்டி ஃபயர்வாலில் டிராஃபிக் ரூல்ஸ் போய், வான்-லிருந்து லேனுக்கு (ஆபீஸின் உள் நெட்வொர்க்குக்கு) வரும் யூடிபி (கால்கள் பயன்படுத்தும் பாக்கெட் வகை), சோர்ஸ் போர்ட் 3478–3481 என்றால் டிஎஸ்சிபி ஏஎஃப்41 என்று ஒரு விதி. ஏஎஃப்41 என்பதுதான் அந்த 34. டீம்ஸுக்கு இது போதும். ஜூமுக்கு 8801–8810, கூகுள் மீட்டுக்கு 19302–19309 என்று இன்னும் இரண்டு விதிகள். குரலும் வீடியோவும் ஒரே போர்ட்டில் கலந்து வரக்கூடும் என்பதால் 46 கொடுக்காமல் 34-லேயே நிறுத்துகிறேன். இந்த முத்திரை காற்றுக்கு மட்டும் உதவும். டவுன்லோடுக்கான கேக் வரிசை ஃபயர்வாலுக்கு முன்பே முடிந்துவிடுவதால் அதற்கு இது தெரியாது. அங்கே நம்மைக் காப்பது அந்தச் சமப் பங்கீடுதான்.

டபிள்யூஎம்எம்: ஆன் செய்துவிட்டுக் கையை எடுங்கள்

ஆக்சஸ் பாயின்ட்டின் வயர்லெஸ் அட்வான்ஸ்டு பக்கத்தில் டபிள்யூஎம்எம் என்று இருக்கும்; காற்றில் மேலே சொன்ன நான்கு வரிசைகளையும் நடத்துவது இதுதான். வைஃபை அலையன்ஸ் 2004-ல் கொண்டுவந்தது. 2005-ல் நிறைவேறிய 802.11இ தரத்தின் ஒரு பகுதி. "கேம் லேக் ஆகுதா? டபிள்யூஎம்எம்-ஐ ஆஃப் பண்ணுங்க" என்று அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்காதீர்கள். 802.11என் முதல் அதிவேகங்களுக்கெல்லாம் அது கட்டாயம். ஆஃப் செய்தால் எவ்வளவு புதிய லேப்டாப்பும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

உள்ளே நடப்பது இது. காற்றில் அனுப்ப நினைக்கும் ஒவ்வொருவரும் சத்தம் அடங்கியதும் ஒரு குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அதன்மேல் சீட்டுக் குலுக்கியது போல ஒரு எண்ணை எடுத்து, அத்தனை ஸ்லாட் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஒரு ஸ்லாட் 9 மைக்ரோசெகண்ட். சாதாரணப் பாக்கெட் 0 முதல் 15-க்குள் ஒரு எண்ணை எடுக்கும். குரல் 0 முதல் 3-க்குள். ஆரம்பக் காத்திருப்பும் 5 கிகாஹெர்ட்ஸில் லேப்டாப்பின் குரலுக்கு 34 மைக்ரோசெகண்ட், சாதாரணத்துக்கு 43, பேக்கப் வகைக்கு 79. குரல் எப்போதும் ஜெயிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பெரும்பாலும் ஜெயிக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் 46 குத்திவிடலாமே என்று தோன்றும். பத்துக் கருவிகள் 0 முதல் 3-க்குள் எண் எடுத்தால் இரண்டு பேருக்கு ஒரே எண் விழுந்து மோதிக்கொண்டே இருக்கும். முன்னால் போவதற்குப் பதில் எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். சில கம்பெனி டப்பாக்களில் இந்த எண்களை மாற்றும் பக்கம்கூட இருக்கிறது. தொட வேண்டாம்.

மெதுவான கருவி தின்னும் நேரம்

காற்றில் அடைப்பு என்று முதலில் கண்டுபிடித்தவர்களுக்கு உண்மையான லாபம் இங்கேதான். 1500 பைட் பாக்கெட் 54 எம்பிபிஎஸ்ஸில் போக 0.22 மில்லிசெகண்ட். 1 எம்பிபிஎஸ்ஸில் 12 மில்லிசெகண்ட். மூலையில் இருக்கும் பழைய பஞ்சிங் மெஷின் 1 எம்பிபிஎஸ்ஸில் ஒரு பாக்கெட் அனுப்பும் நேரத்தில் மற்றவர் 50 பாக்கெட் அனுப்பியிருக்கலாம். அது அனுப்பத் தொடங்கிவிட்டால் எந்த முன்னுரிமையாலும் நடுவில் நிறுத்த முடியாது.

2.4 கிகாஹெர்ட்ஸில் 802.11பி வேகங்களை, அதாவது 1, 2, 5.5, 11 நான்கையும் ஆஃப் செய்து குறைந்தபட்சம் 12 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 802.11பி மட்டும் தெரிந்த கருவி ஏதாவது இருந்தால் இதோடு அது இணையாது. அதற்குக் கேபிள் இழுப்பதுதான் வழி. சேனல் 1, 6, 11-ல் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து பில்டிங்கிலும் கம்பெனிகள்தான் என்பதால் 40 வைத்தால் சண்டைதான். மெர்ச்சண்டைசர் லேப்டாப் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். காற்றில் நேரத்தைச் சமமாகப் பங்கிடும் ஏர்டைம் ஃபேர்னெஸ் என்று ஆப்ஷன் இருந்தால் ஆன். கேமராவுக்கு வைஃபை கொடுக்கவே கொடுக்காதீர்கள். கேபிள் இழுக்கும் கூலி ஒருமுறைதான். வருகிறவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க், ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் வரம்பு.

வேலை செய்கிறதா?

முதலில் செய்த அதே இரண்டு பிங், அதே அப்லோட், முடிந்தால் அதே மதிய நேரம். நெரிசலில் 8.8.8.8 சும்மா இருக்கும்போது வந்ததைவிட 30 மில்லிசெகண்டுக்கு மேல் ஏறாமல் இருந்தால் நல்லது. ஏறினால் எஸ்க்யூஎம் எண்ணை 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். முத்திரை விழுகிறதா என்று பார்க்க லேப்டாப்பில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் ஓடவிட்டு, கால் நடக்கும்போது வரும் யூடிபி பாக்கெட் ஒன்றைத் திறந்து, ஐபி தலைப்பில் டிஎஸ்சிபி வரியைப் பாருங்கள். ஏஎஃப்41 என்று இருந்தால் விதி வேலை செய்கிறது. 0 என்று இருந்தால், பெரும்பாலும் கால் வேறு போர்ட்டுக்கு மாறியிருக்கும், இல்லை ஆஃப்லோடிங் மறுபடி ஆன் ஆகியிருக்கும். ரவுட்டரின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்தபின் அந்த ஆஃப்லோடிங்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் ரவுட்டர் மேலேயே ஸ்டிக்கர் எழுதி ஒட்டிவிட்டு வருவது என் வழக்கம்: எஸ்க்யூஎம்-ல் கொடுத்த இரண்டு எண்களும் தேதியும். ஆபீஸில் யாராவது பிளானை 100-க்கு ஏற்றுவார்கள், ரவுட்டர் 44-லேயே கட்டி வைத்திருக்கும், கம்பெனிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று போனில் சண்டை நடக்கும். பிளான் மாறினால் ஸ்பீட் டெஸ்ட்டிலிருந்து மறுபடி தொடங்கி இந்த இரண்டு எண்களை மாற்றுங்கள். மற்ற செட்டிங்குகள் அப்படியே இருக்கலாம்.